லான் சொன்ன மீதிக் கதை

இஞ்சேருங்கோ,

நான் பொலிதேயாமாப் பக்கம், அந்த இத்தாலிக்கார அம்மா சிஞ்ஞோரா வீட்டு வேலைக்குப் போகிறேன். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் அடுப்பில் இருக்கின்றன. மேல்வீட்டு வியட்நாம்காரி லான் பன்னிரண்டு மணிக்கு வருவாள். நேற்று இங்கே விட்டுப்போன இரத்தப் பரிசோதனைத் தாளைக் கொடுத்துவிடுங்கள்.

நேற்று அவள் இத்தாலியனில் சொன்னதில் பாதியைத்தான் கேட்டீர்கள்.

"ஈர்க்குப்போல இருக்கிற உனக்கு எப்பிடியடி கொலஸ்ட்ரோல் கூடினது?" என்றேன் நான்.

"எங்கடை நாட்டிலை கனபேருக்கு இருக்கு, அன்ரி."

உடனே நீங்கள், "பாத்தியே! ஊருக்கெல்லாம் இருக்கிறது ஒரு வருத்தமே? எனக்கு இனிக் கொலஸ்ட்ரோல் குளிசை வேண்டாம்!" என்று எழும்பிப் போய்விட்டீர்கள்.

பிறகுதான் அவள் மீதியைச் சொன்னாள். "என்ரை அண்ணாவும் இப்பிடித்தான் சொன்னவர், அன்ரி. நாற்பத்தெட்டு வயது. சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை சரிஞ்சவர், எழும்பேல்லை."

இதற்கும் ஒரு பதில் வைத்திருப்பீர்கள். எனக்குச் சொல்லி அலுத்துவிட்டது. குளிசையைத் தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

உங்கள் பூசணி

இன்னொன்று: துளசிச் சாடி மண்ணுக்குள்ளிருந்து பதினொரு குளிசை எடுத்தேன். விழுங்க மனமில்லாவிட்டால் மேசையிலேயே கிடக்கட்டும், நான் வந்து எடுத்துவைக்கிறேன். விழுங்கினதாக மட்டும் என்னிடம் சொல்ல வேண்டாம்.