எந்த ஊர்க் கணக்கிலும் இல்லாத பேச்சிக்கு

என் செல்லச் சண்டைக்காரி பேச்சி,

எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், சிரிக்காதே. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் கையெழுத்து கோழி கிளறின குப்பை மாதிரித்தான் இருக்கும். உனக்கு வாழ்க்கைப்பட என் தம்பி முத்து கிடைத்தான், வம்பிழுக்க நாத்தனார் நான் கிடைத்தேன். "மதினி வாய்க்கு வரி போட்டா பஞ்சாயத்துல தார் ரோடே போட்டுரலாம்" என்று சொன்னாயே, அது இன்னும் கொட்டாம்பட்டி பஸ் ஸ்டாப்பில் ஓடுகிறது. அவித்த கடலை விற்கும்போது நானே அதைக் கண்டக்டர்களிடம் சொல்லித் தொலைத்தேன். இப்போது கடலை வாங்குகிறவனெல்லாம் அதை எனக்கே திருப்பிச் சொல்கிறான்.

ஊர்ச் சேதி கேட்பாய். முதல் சேதியே உனக்கு வலிக்கும். உன் தங்கச்சி பஞ்சவர்ணத்தை உன் புருஷனுக்கே கட்டி வைத்துவிட்டோம். முத்து வேண்டாம் என்றுதான் சொன்னான். பெரியவர்கள் கேட்கவில்லை. "வந்த உறவு விட்டுப்போகக் கூடாது" என்றார்கள். தை மாதம் கல்யாணம். நாத்தனார் முடிச்சை நான்தான் போட்டேன். உனக்குப் போட்டபோது, "இறுக்கிப் போடுங்க மதினி, உங்க தம்பி ஓடிரப் போறாரு" என்று காதுக்குள் சொன்னாய். பஞ்சு குனிந்த தலை நிமிரவில்லை.

கல்யாணம் முடிந்து பங்குனியில் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். விளாங்குடிக்காரி, சின்ன வயசு, தோளில் பை. தாயும் பிள்ளையும் எந்த ஊரில் நல்லபடி இருக்கிறார்கள், எந்த ஊரில் போய்ச் சேர்கிறார்கள் என்று வீடுவீடாக எழுதுகிறாளாம். அதைப் பார்த்துத்தான் எந்த ஊரில் நர்ஸம்மா குடியிருக்க வீடு கட்டுவது என்று முடிவு செய்வார்களாம். நான் கூடையோடு திரும்புவதற்குள் அவள் நம் தெருவை முடித்துவிட்டாள். உன் மாமியார்தான் என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

"வீட்ல யாரு யாருன்னு கேட்டுச்சு. நானு, மகன், மருமகள்னு சொன்னேன். போன வருசம் இந்த வீட்ல பிள்ளை பொறந்துச்சா, பிரசவத்துல யாரும் தவறிட்டாகளான்னு கேட்டுச்சு. இந்த வீட்ல ஒண்ணும் இல்ல தாயின்னு சொல்லிட்டேன்."

"ஏத்தா, பேச்சி?"

"அவ அவுக ஆத்தா வீட்லல்லடி போனா."

பொய் இல்லை, பேச்சி. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே. வளைகாப்பு முடிந்து உன்னை அழகர்கோவிலுக்கு அந்தப் பக்கம் உன் ஆத்தா ஊருக்கு வண்டி ஏற்றி விட்டோம். கார்த்திகை மழையில் ரத்தம் நிற்காமல் உன்னை வண்டியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது, ஓடையைத் தாண்டாமல் மாடு நின்றதும் அந்த ஊரில்தான். உன் பெண் குழந்தை கண்ணை மூடியதும் அங்கேதான். நம் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. நம் வீட்டில் ஒரு மருமகள் இருந்தாள், இப்போதும் ஒரு மருமகள் இருக்கிறாள். பார்க்கிறவளுக்குக் குறை என்ன தெரியும்?

நானும் அப்போது அதைப் பெரிதாக எண்ணவில்லை. இங்கே இல்லாவிட்டால் அங்கே எழுதியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஆடியில் ஜீப் வந்தது. பள்ளிக்கூட வாசலில், சிவப்பு முக்கோணம் வரைந்த சுவருக்கு முன்னால், ஓர் அதிகாரி நின்று பேசினார். தங்கமான மனுஷன்தான். "உங்க ஊரு நல்ல ஊரு. போன வருஷம் பிரசவத்துல ஒரு தாய்கூட இறக்கலை, ஒரு பச்சைக் குழந்தைகூடத் தவறலை. அதனால நர்ஸ் வீட்டை, கஷ்டப்படுற வேற ஊருக்குக் கொடுக்கிறோம்" என்றார். ஊரே கை தட்டியது. நம்மை நல்ல ஊர் என்று ஒருத்தர் சொன்னால் தட்டாமல் இருப்போமா?

நான் எழுந்து நின்றேன். "ஐயா, அப்ப எங்க பேச்சி எந்த ஊர்ல செத்தா?" என்றேன்.

ஊர் சிரித்தது, பேச்சி.

யாரையும் குறை சொல்ல மாட்டேன். ராக்கு எழுந்து நின்றாலே சிரிப்பதுதான் இந்த ஊர் வழக்கம். "உக்காருக்கா, ஆபீசரையும் விட மாட்டியா" என்று பின்னாலிருந்து ஒருத்தன் சேலையை இழுத்தான். அதிகாரியும் ஏதோ வேடிக்கை என்று சிரித்துவிட்டார். என் வாய்க்கு நீ போட்ட வரியை அன்றைக்குத்தான் கட்டினேன். இத்தனை வருஷம் ஊரைச் சிரிக்க வைத்தவள் ஒரே ஒரு தடவை நிஜமாகப் பேசினால், அதை நிஜம் என்று எப்படிக் காட்டுவது? உட்கார்ந்துவிட்டேன்.

அந்த விளாங்குடிப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் தேடி வந்து, "யாருக்கா பேச்சி?" என்றாள். சொன்னேன். பையிலிருந்து, அவளே எழுதின உன் ஆத்தா ஊர்க் காகிதங்களை எடுத்து, நின்ற இடத்திலேயே புரட்டினாள். நீ அங்கேயும் இல்லை.

மறுவாரம் உன் ஆத்தாவிடம் போய்க் கேட்டேன். "ஏன் அயித்தை, பேச்சியச் சொல்லலையா?"

"வீட்ல யாரு இருக்கான்னு கேட்டாக. நானும் உங்க மாமனும்னு சொன்னேன். கட்டிக் குடுத்த பிள்ளைய எங்க வீட்டு ஆளுன்னு எப்படித்தா சொல்றது? அவ உங்க வீட்டு விளக்குல்ல."

"பிள்ளையவாச்சும் சொல்லியிருக்கலாமே."

"பேரு வைக்காத பிள்ளைய என்னன்னு சொல்ல? தங்கல. அம்புட்டுத்தான்."

உனக்கு மரியாதை செய்வதாக நினைத்துத்தான் உன் ஆத்தா உன்னை விட்டுவிட்டாள். வாய் பேசாததற்காக அவளையும் திட்ட முடியவில்லை, வாய் நிறையப் பேசியதற்காக உன் மாமியாரையும் திட்ட முடியவில்லை. இரண்டு வீடும் பெருந்தன்மையாக உன்னை அடுத்த வீட்டுக்குக் கொடுத்து, கடைசியில் நீ யார் வீட்டிலும் இல்லை. அந்தப் பெயரில்லாத குட்டி உன் கூடவே போய்விட்டது.

அந்தப் பெண் மேலே எழுதிக் கேட்டுப் பார்த்தாள். கணக்கு போய்விட்டது, இனி அடுத்த தடவைதான் என்றார்களாம். வந்து என் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடலை கொடுத்தேன், தோலைக்கூட உரிக்கவில்லை. "உங்க பேச்சி மட்டும் இல்லக்கா. தாய் வீட்டுக்குப் போன பொண்ணுங்க பல பேர் இப்படி நழுவியிருப்பாங்க. நானே அம்மா வீட்டுக்குப் போய்த்தான் பெத்தேன். எனக்கே கேக்கத் தோணலை" என்றாள். படித்த பிள்ளை, நல்ல பிள்ளை. அவளுக்கும் என்னைப் போலவே கையைப் பிசையத்தான் முடிந்தது.

இனிதான் நான் எழுதவந்த சேதி. பஞ்சு உண்டாகியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. ஐப்பசி கடைசியில் பிரசவம் இருக்கும் என்கிறார்கள். தலைப்பிரசவம் ஆயிற்றே, எங்கே போக வேண்டும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அதே ஆத்தா, அதே வீடு, அதே ஓடை, அதே மழை.

இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லலாம் என்றால், இங்கே நர்ஸம்மா வரப்போவதில்லை. நாம்தான் நல்ல ஊராயிற்றே. விளாங்குடிப் பெண், "என் வீட்டுல வந்து இருக்கட்டும்க்கா, வலி எடுத்தா பக்கத்துலயே பெரியாஸ்பத்திரிக்குப் போயிரலாம்" என்றாள். முத்து தலையாட்டினான். உன் ஆத்தா அழுதுவிட்டாள். "தாய் வீடு இருக்க ஊரான் வீட்டுலயா எம்பிள்ள பெறணும்? ஒருத்தியக் காப்பாத்தலன்னு இவளையும் என்கிட்ட விட மாட்டீகளா?" என்றாள். அவளுக்கு மிஞ்சியிருக்கும் மகள் இவள் ஒருத்திதான். தன் கையால் இவளுக்கு நல்லபடி பிரசவம் பார்த்துவிட்டால் உன்னைக் கொஞ்சம் ஆற்றிக்கொள்ளலாம் என்று அவள் கிடக்கிறாள்.

நேற்று பஞ்சுவுக்குத் தலை பின்னிவிட்டேன். "மதினி, அக்காவுக்கு வளையல் போட்டப்ப என்ன சொல்லிக் கேலி பண்ணீக?" என்று கேட்டாள். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை, பேச்சி. முதல் தடவையாக என் வாய்க்கு ஒன்றும் வரவில்லை. அவளே என் கையைத் தட்டிக்கொடுத்து, "விடுங்க, ஞாபகம் வந்தாச் சொல்லுங்க" என்றாள்.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். பஞ்சு ஏறும் வண்டியில் நானும் ஏறப்போகிறேன். நாத்தனார் சம்பந்தி வீட்டில் போய்ப் பிரசவத்துக்குக் குந்துவதை இந்தச் சுற்றுப்பட்டியில் எவரும் பார்த்ததில்லை. "சோத்துக்கு வந்தவ" என்பார்கள். சொல்லட்டும், நான்தான் வெட்கம் கெட்டவளாயிற்றே. ஓடையில் தண்ணீர் ஏறும்முன் இந்தக் கரைக்கு அவளைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று உன் ஆத்தாவிடம் தினமும் நச்சரிப்பேன். கேட்பாளா? மழை எனக்காகக் காத்திருக்குமா? எனக்கு நீந்தவும் தெரியாது, மருத்துவமும் தெரியாது. மாட்டைக்கூட அதட்டத் தெரியாது. பக்கத்தில் இருக்கத் தெரியும். அதை மட்டும்தான் கொண்டுபோகிறேன்.

அடுத்த கணக்கு வரும்போது அந்தப் பெண் எந்த வாசலில் நின்றாலும் நான் வந்து நிற்பேன். உன் மாமியார் வாசலிலும் சொல்வேன், உன் ஆத்தா வாசலிலும் சொல்வேன். ஒரு பேச்சி இரண்டு பேச்சியாகப் பதிந்தால் பதியட்டும், ஒன்றும் இல்லாததற்கு அது மேல். உன் பிள்ளைக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் வைத்ததற்குக் கோபப்படாதே. ராக்கு. கேட்டால் நீ, "போயும் போயும் இந்தப் பேரா மதினி" என்பாய். சொல்லிக்கொள். எழுதுகிறவள் கேட்கும்போது சொல்ல எனக்குத் தடுமாறாமல் வாயில் வரும் பெயர் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை வண்டி ஏறுகிறேன். பஞ்சுவைக் கூட்டிக்கொண்டு திரும்பினால்தான் இனி இந்த வாயைக் கேலிக்குத் திறப்பேன்.

உன் கழுத்தில் மூன்றாம் முடிச்சுப் போட்ட
உன் மதினி
ராக்கு