பெஞ்சு தெரியும் கண்ணாடி

ஜூன் 9, செவ்வாய்

அம்மாவின் புதுக் கண்ணாடி தயார். நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடை மெஷினில் நானே லென்ஸைத் தேய்த்து, நானே ஃப்ரேமில் ஏற்றினேன். படிப்பதற்கோ ஊசியில் நூல் கோப்பதற்கோ அல்ல. டிவியில் பெஞ்சு தெரிய வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான். எழுத்து அட்டையைக் காட்டினால், "இதையெல்லாம் படிச்சு நான் என்ன பண்ணப் போறேன்? அவன் மூஞ்சி தெரிஞ்சா போதும்" என்கிறாள்.

தம்பி நம் நாட்டுக் கால்பந்து அணியின் மூன்றாவது கோல்கீப்பர். முதல் ஆளுக்கு அடிபட்டால் இரண்டாவது ஆள் இறங்குவார். அவருக்கும் அடிபட்டால்தான் இவன், அதுவரை பெஞ்சு. பதினோரு வருடமாக அந்த இரண்டு பேரும் குத்துக்கல் மாதிரி இருக்கிறார்கள். "அவங்களுக்கு ஏதாவது ஆகட்டும்னு வேண்டிக்க மனசு வரல, வேண்டிக்காம இருக்கவும் முடியல" என்று அம்மா நேற்று ஒரு பாட்டம் புலம்பித் தீர்த்தாள்.

அப்பாவுக்கு இந்தச் சிக்கலே இல்லை. "உட்கார்றதுக்கு எதுக்கு விமானம் ஏறிப் போகணும்? இங்கயே சோபா இருக்கே" என்றார். அவருக்கும் கண் சோதித்துவிடலாம் என்றேன். பார்வை நன்றாக இருக்கிறதாம். நேற்று நிறுத்தத்தில் வந்து நின்ற பஸ்ஸின் நம்பரை என்னிடம் கேட்ட மனுஷன்.

ஜூன் 12, வெள்ளி

முதல் ஆட்டம். எதிரே பச்சைச் சட்டைக்காரர்கள். எங்கள் பிரிவில் நான்கு அணிகள், இரண்டுதான் அடுத்த சுற்றுக்குப் போகும்.

இவர் சோபாவில் உட்கார்ந்துகொண்டு பதினொரு பேருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் எலெக்ட்ரீஷியன். வாழ்நாளில் பந்தை உதைத்ததாகத் தகவல் இல்லை. அப்பா சமையலறையில், வெங்காயம் நறுக்குகிறாராம். பெஞ்சைக் காட்டும்போதெல்லாம் அம்மா, "அதோ, ஓரத்துல! தண்ணி குடிக்கிறான்!" என்று குதித்தாள். அந்தச் சந்தடியில் பச்சைக்காரன் கோல் போட்டதை நாங்கள் பார்க்கவே இல்லை.

கடைசி நிமிடத்தில் நாம் ஒன்று திருப்பினோம். 1-1. வீடே அலறியது. அப்போதுதான் — பெஞ்சிலிருந்து ஒருவன் வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் பாய்ந்தான். கோல் அடித்தவனையே முந்திக்கொண்டு மூலைக் கொடியிடம் போய்ச் சேர்ந்து ஆட ஆரம்பித்தான். என் தம்பி! நடுவர் வந்தார். பையில் கை விட்டார். மஞ்சள் அட்டை.

அம்மா கைதட்டினாள். "என் பிள்ளைக்கு ஏதோ குடுக்கறாங்க!"

"அத்தை, அது பரிசு இல்ல" என்றார் இவர், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

பதினோரு வருடத்தில் முதல் முறையாக நாட்டுக்காக மைதானத்தில் கால் வைத்தான், பந்தைத் தொடாமலே தண்டனை வாங்கிக்கொண்டு திரும்பினான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கிறது.

ஜூன் 13

கடையில் இன்று மூன்று பேர் மஞ்சள் ஃப்ரேம் இருக்கிறதா என்று கேட்டார்கள். மூன்றாவது ஆள் எங்கள் முதலாளி.

ஜூன் 14, ஞாயிறு

தம்பி போன் செய்தான்.

"ஏன்டா ஓடினே?"

"தெரியலக்கா. கால் தானா ஓடிடுச்சு."

"கோச் என்ன சொன்னார்?"

"நீ இவ்வளவு வேகமா ஓடுவேன்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே வேற எடத்துல ஆட விட்டிருப்பேன்னார்."

ஜூன் 17, புதன்

ஜெயித்துவிட்டோம்! வெள்ளைச் சட்டைக்காரர்களை 1-0. தம்பி ஆட்டம் முழுக்கப் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். "கட்டிப் போட்டிருக்காங்களா?" என்றாள் அம்மா. தெருவில் ஹாரன் சத்தம் ஓயவே இல்லை. நானும் பால்கனியில் நின்று தட்டைக் கரண்டியால் தட்டினேன். தட்டு நசுங்கிவிட்டது. நசுங்கினால் நசுங்கட்டும்.

ஜூன் 18, வியாழன்

சிரிப்பெல்லாம் போயே போச்சு.

கடைசி ஆட்டங்கள் இரண்டும் திங்களன்று ஒரே நேரத்தில். நாம் சிவப்புச் சட்டைக்காரர்களோடு, பச்சைக்காரர்கள் வெள்ளைச் சட்டைக்காரர்களோடு. பச்சைக்காரர்களுக்கு இரண்டாவது ஆட்டமும் 1-1தான். நாம் 1-1 என்று சமன் செய்து, பச்சைக்காரர்கள் 1-0 என்று ஜெயித்தால் இரண்டாவது இடத்துக்குப் புள்ளி, கோல் எல்லாமே சரிக்குச் சரி. அப்புறம் எண்ணுவது அட்டைகளை. குறைவாக வாங்கிய அணி மேலே போகும். இன்றைய நிலவரம் அவர்களுக்கு மூன்று, நமக்கு மூன்று. தம்பியுடையது இல்லாவிட்டால் நமக்கு இரண்டுதான்.

"லட்சத்துல ஒரு தடவைதான் அப்படி ஆகும்" என்றார் இவர். முடி வெட்டுகிறவருக்கு அந்த ஒரு தடவையே போதுமானதாக இருந்திருக்கிறது. அப்பாவிடம், "நாம வெளியே போனா உங்க பையன் புண்ணியம்தான்" என்றாராம். அப்பா பாதி வெட்டிய தலையோடு எழுந்து வந்துவிட்டார். ஒரு காது பக்கம் முடி இருக்கிறது, இன்னொரு பக்கம் இல்லை. சிரிக்கவும் முடியவில்லை. அப்பா மாலை நடைக்கும் போகவில்லை.

அப்படி என்ன தப்பு பண்ணிட்டான்? சந்தோஷப்பட்டான், அவ்வளவுதானே? ஒரு அட்டைக்காக நாடே அவனைத் திட்டுமா? ஆயுசு முழுக்க அந்தப் பேரோடதான் சுத்தணுமா? — பயமா இருக்கு. அம்மாகிட்ட சொல்லல.

ஜூன் 20, சனி

"அக்கா, அப்பா ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலடா."

"அதான் பயமா இருக்கு."

ஜூன் 22, திங்கள்

 வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மூன்று மணிக்கே முதலாளி கடையைச் சாத்திவிட்டார். கண் சோதிக்க வந்தவர்கூட எழுத்து அட்டையை விட்டுவிட்டு மணியைத்தான் பார்த்தார். வீட்டில் டிவியில் நம் ஆட்டம், இவர் கைபேசியில் பச்சைக்காரர்கள் ஆட்டம். அப்பா சமையலறையில். ஒரு வாரத்துக்குத் தேவையான வெங்காயம் ஏற்கெனவே நறுக்கியாயிற்று.

முதல் பாதியிலேயே சிவப்புக்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள். பரவாயில்லை, அங்கே 0-0, அப்படியே முடிந்தால் தோற்றாலும் நாம்தான் போவோம். நமக்கு ஒரு மஞ்சள் அட்டை விழுந்தது. கொஞ்ச நேரத்தில் பச்சைக்காரர்களுக்கும் ஒன்று. நான்கு, நான்கு. எனக்குப் பந்தே கண்ணில் படவில்லை, நடுவரின் சட்டைப்பையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். இவர், "போச்சு" என்றார். அங்கே பச்சைக்காரன் கோல் போட்டுவிட்டான். 1-0. அவர்கள் பெஞ்சே எழுந்து மைதானத்துக்குள் ஓடுவதைக் கைபேசியில் காட்டினார். முன்னால் ஓடிய ஒருவனுக்கு நடுவர் மஞ்சள் அட்டை நீட்டினார். அவன் அதைச் சட்டை பண்ணவே இல்லை, சிரித்துக்கொண்டே போனான். ஏன் கவலைப்படப் போகிறான்? நாம் தோற்றுக்கொண்டிருக்கிறோம், கதை முடிந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். கண்ணாடியைத்தான் துடைத்தாள் என்று வைத்துக்கொள்வோம்.

திடீரென்று மாடி வீட்டில் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கூச்சல். அவர்கள் டிவி நம்முடையதைவிட ஒரு மூச்சு முந்தி ஓடும். "என்னது? என்னது?" என்று இவர் எழுந்து நிற்கவும், எங்கள் டிவியில் பந்து வலைக்குள் போகவும் சரியாக இருந்தது.

1-1.

நான் கத்தவில்லை. என் கண் பெஞ்சுக்குப் போனது. மொத்தப் பெஞ்சும் எழுந்துவிட்டது, எல்லோரும் வெள்ளைக் கோட்டை நோக்கி ஓடினார்கள். ஐயோ, ஒருத்தன் தாண்டினால் போதும், மறுபடி சரிக்குச் சரி! எல்லோருக்கும் முன்னால் அவன் ஓடினான். மறுபடியுமா! "வேண்டாம்டா! வேண்டாம்டா!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன்.

கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றான். திரும்பினான். மைதானத்துக்கு முதுகைக் காட்டி, காலை அகட்டி, இரண்டு கையையும் விரித்து, வந்தவர்களை எல்லாம் நெஞ்சால் வாங்கினான். ஆறடிக்கு மேல் இருக்கும் தடியன் ஒருவன் வந்து மோதினான். தம்பி பின்னால் சாய்ந்தான், கோட்டின் மேல் விழப் போனான், ஆனால் விழவில்லை. பக்கவாட்டில் நழுவப் பார்த்த இன்னொருவனைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டான். ஒருத்தனும் தாண்டவில்லை. ஒரே ஒருத்தன்கூட!

"யாரும்மா அது, கையை விரிச்சுக்கிட்டு?"

அப்பா. சமையலறை வாசலில், கையில் கத்தியோடு.

"உங்க பையன்ப்பா."

"எங்க? எனக்குத் தெரியலயே." கண்ணை இடுக்கிக்கொண்டே டிவி வரைக்கும் நடந்து போய், மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்றார். எங்கள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, அப்பாவின் முதுகுதான் தெரிந்தது. ஒரு பக்கம் முடி, ஒரு பக்கம் இல்லை. "தள்ளுங்க!" என்று அம்மா கத்தினாள். அவர் தள்ளவில்லை.

விசில். அங்கேயும் முடிந்தது, 1-0. பச்சைக்காரர்களுக்கு அட்டை ஐந்து, நமக்கு நான்கு. ஒரே ஒரு மஞ்சள் அட்டை வித்தியாசத்தில் நாம் போகிறோம். இவர் என்னைத் தூக்கிச் சுற்றினார், இடுப்பு பிடித்துக்கொண்டது, அவருக்கு. அம்மா அழுதாள், சிரித்தாள், கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினாள். இவ்வளவு சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கும் தெரியவில்லை. வெங்காயம் முழுவதையும் வதக்கிவிட்டேன்.

ஜூன் 23, செவ்வாய்

காலையில் தம்பி போன். சுற்றிலும் ஒரே கூத்து, அவன் குரலே கேட்கவில்லை.

"அக்கா, அந்தக் கோல் எப்படி இருந்துச்சு? நான் பார்க்கலயே!"

"நானும் பார்க்கலடா. உன்னைத்தான் பார்த்தேன்."

 "சரியா நின்னேனா?" என்றான். நன்றாகத்தான் நின்றான் என்பதை அம்மா வாயாலேயே கேட்கட்டும். போனை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

பேப்பரில் முதல் பக்கத்தில் அவன் படம். கை இரண்டும் விரிந்திருக்கிறது. படத்தில் எங்கேயும் பந்து இல்லை.

ஜூன் 25, வியாழன்

சனிக்கிழமை அடுத்த சுற்று. தம்பி பெஞ்சில்தான். முதல் இரண்டு கோல்கீப்பர்களும் நல்ல சுகம். அம்மா அதைச் சொல்லும்போது இந்த முறை புலம்பவில்லை.

மதியம் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. அப்பா, இரண்டு பக்கமும் ஒழுங்காக வெட்டிய தலையோடு. நேராகப் போய்ச் சோதனை நாற்காலியில் உட்கார்ந்தார். எழுத்து அட்டையில் மேலே இரண்டு வரி படித்தார். மூன்றாவது வரியைக் குத்துமதிப்பாக அடித்துவிட்டார், எல்லாம் தப்பு.

"சனிக்கிழமைக்குள்ள கிடைக்குமா?"

"கிடைக்கும்ப்பா. எது தெரிய மாட்டேங்குது? பஸ் நம்பரா?"

முதலாளி இருக்கிறாரா என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார்.

"பெஞ்சு" என்றார்.