நீ அனுப்பின கத்தியைப் பத்தி

அன்பு வாயாடிக்கு, அம்மா எழுதறது.

எல்லாரும் சுகம், உன் சுகத்துக்கு எழுதுன்னு ஆரம்பிச்சுத்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அந்த வரியை எழுதி அடிச்சு, திரும்ப எழுதித் திரும்ப அடிச்சு, ஒரு தாளே வீணாப் போச்சு. இப்போ சுகம்தான், பயப்படாம படி. அப்பா அடுத்த அறையில ரேடியோவைப் பிரிச்சுப் போட்டுட்டு எந்த ஸ்க்ரூ எங்கேன்னு தேடிக்கிட்டிருக்கார், கை கால் எல்லாம் ஒழுங்கா இருக்கு, கட்டை விரல்ல மட்டும் ஒரு கட்டு. அந்தக் கட்டு ஏன் வந்துச்சுன்னு உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு. நானும் வாயைக் கட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா போன ஞாயித்துக்கிழமை நீ போன்ல, புது முங்கற வேலைக்கு வேண்டியதெல்லாம் வாங்கியாச்சும்மா, அப்பாவுக்கு அனுப்பினேனே அதே கத்தி, அதே கடையில எனக்கும் ஒண்ணு சொல்லி வெச்சுட்டேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னியே, இனிமே மூடி வெக்க முடியாதுன்னு ஆயிடுச்சு. அவர் பக்கத்துலயே இருந்தார், அதனால சரிடின்னு வெச்சுட்டேன். போன்ல சொன்னா நான் அழுவேன், நீ பதறுவே, அவர் காதுல விழும். அதான் கடுதாசி. வேலையில சேர இன்னும் பதினெட்டு நாள்னு சொன்னே, அதுக்குள்ள உன் கைக்கு வந்துடணும்னு கூரியர்ல ஒரு சின்னப் பெட்டியோட சேர்த்து அனுப்பறேன். பெட்டியைப் பிரிக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சு முடி.

மூணு வாரம் முன்னாடி ஒரு மீன்பிடிப் படகை இழுத்துக்கிட்டு வந்து துறைமுகத்துல கட்டினாங்க. படகுக்கு அடியில சுத்தற விசிறியில வலை சுத்தி இஞ்சின் நின்னு போச்சு. அப்பா முங்கி அறுத்து எடுக்கணும், அதானே நம்ம பொழப்பு. படகுக்காரர் பொழுது சாயறதுக்குள்ள திரும்பக் கிளம்பணும்னு காலுல வெந்நீரைக் கொட்டிக்கிட்டு நின்னார். தண்ணிக்குள்ள எப்பவும் ரெண்டு பேர் இறங்கணும், அப்பாவும் உன் மாமாவும். மாமாவுக்குக் காதுல சீழ் வெச்சு, பத்து நாளைக்குத் தண்ணி பக்கமே போகாதேன்னு டாக்டர் சொல்லிட்டார். நாளைக்குப் பார்த்துக்கலாம்னு நான் சொன்னேன். நாலு மீட்டர் ஆழம், கால் மணி நேர வேலை, இதுக்கு ஜோடி தேட இது என்ன கல்யாணமான்னு அப்பா கேட்டார். நானும் சிரிச்சுட்டேன். அப்படிச் சிரிச்சதுக்கு என்னை நான் இன்னும் மன்னிக்கல, அதையும் இதுலயே எழுதிடறேன். நீ போற இடத்துல எவன் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் துணை இல்லாம இறங்காதே. யாராவது சிரிக்க வெச்சா நீ சிரிக்காதே.

நான் வழக்கம் போல நம்ம சின்னப் படகுல உட்கார்ந்து அவர் இடுப்புல கட்டின கயித்தைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். நான் ஒரு சுண்டு சுண்டினா அவர் ஒரு சுண்டு, நல்லா இருக்கேன்னு அர்த்தம். இருபது நிமிஷம் கேள்வியும் பதிலும் ஒழுங்கா போச்சு. அப்புறம் சுண்டினேன், பதில் இல்ல. இன்னொரு தடவை சுண்டினேன். கயிறு திடீர்னு துடிச்சுது, தூண்டில்ல பெரிய மீன் மாட்டினா அடிக்குமே அந்த மாதிரி. நம்ம படகை ஓட்டறானே தூங்குமூஞ்சி, அவனைக் கத்திக் கூப்பிட்டு ரெண்டு பேருமா இழுத்தோம். ஒரு முழம் வந்துச்சு, அப்புறம் அசையல, தூணுல கட்டின கயித்தை இழுக்கற மாதிரி ஆயிடுச்சு. துடிப்பும் நின்னு போச்சு. தண்ணியோ கலங்கல், ஒரு சாண் கீழ ஒண்ணும் தெரியாது, குமிழி மட்டும் ஒரே இடத்துல கொத்துக் கொத்தா வேக வேகமா வருது. வேகமா வந்தா சிலிண்டர்ல காத்து வேகமாத் தீருதுன்னு உனக்கே தெரியும். இன்னும் இழுங்கக்கான்னு அவன் கயித்தைக் கையில சுத்திக்கிட்டான். எனக்கு எப்படித் தோணுச்சுன்னு தெரியல, சின்ன வயசுல உனக்குத் தலை வாரும்போது, இழுக்காதேம்மா இழுக்காதேம்மான்னு வீடு இடிய கத்துவியே, அது மனசுல வந்துச்சு. சிக்கை இழுத்தா இறுகத்தான் செய்யும். விடுடான்னேன். அக்கா பைத்தியமா உங்களுக்குன்னான். அவன் கையில ஓங்கி அடிச்சு விட வெச்சேன். ரெண்டு முழம் தளர்த்தி விட்டேன். கட்டின புருஷன் அடியில மூச்சுக்குத் தவிக்கும்போது கயித்தை விட்டவ உலகத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

கொஞ்ச நேரத்துல கயித்துல ஒரு அசைவு, ரொம்பச் சின்னது, எறும்பு ஊர்ற மாதிரி. உயிர் இருக்கு. தூங்குமூஞ்சி சட்டையைக் கழட்டிட்டு குதிக்கப் போனான், நான் அவன் காலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். அவனுக்கு முங்கத் தெரியாது, அதே வலையில அவனும் மாட்டினா ரெண்டு வீட்டுல இழவு. பக்கத்துப் படகுத்துறையில முங்கறவங்களுக்குப் போன் போடச் சொன்னேன், வர அரை மணி ஆகும்னாங்க. அரை மணிக்குக் காத்து இல்ல. அப்போதான் என் இடுப்புல கத்தி இருக்கறது உறைச்சுது. கயிறு அறுக்க நான் வெச்சிருக்கற அந்தக் குட்டைக் கத்தி, மொட்டை முனை, பாதி ரம்பப் பல்லு. பிடியில இருக்கற ஓட்டையில ஒரு கொக்கி வளையத்தை மாட்டி, அந்த வளையத்தை அவர் கயித்துல கோத்து, கனத்துக்கு ஒரு பெரிய நட்டும் சேர்த்தேன். கயிறு நேரா நிக்கற அளவுக்கு மட்டும் மெல்ல எடுத்துக்கிட்டு, இறுக்காம, கத்தியைக் கயித்து வழியாவே கீழ விட்டேன். தண்ணி முழுங்கிடுச்சு. போய்ச் சேர்ந்துச்சா, நடுவுல வலையில சிக்கிச்சா, அவர் கை அதுக்கு எட்டுமா, ஒண்ணும் தெரியாது. நான் எண்ண ஆரம்பிச்சேன். நூத்தி நாப்பது வரைக்கும் எண்ணினேன். நூத்தி நாப்பத்தொண்ணுல கயிறு தொளதொளன்னு ஆச்சு. அந்துடுச்சோன்னு நான் எழுந்து நின்னுட்டேன். படகு ஓரத்துல தலை வந்துச்சு. தோள்ல வலைத் துண்டு தொங்குது, கையெல்லாம் ரத்தம், வாய்க் குழாயைத் துப்பிட்டு அவர் சொன்ன முதல் பேச்சு, நீ கொடுத்த குட்டு நல்லா விழுந்துச்சுடின்னு. வளையமும் நட்டும் போய் நேரா அவர் மண்டையில விழுந்திருக்கு. எனக்கு அழவும் முடியல சிரிக்கவும் முடியல, நாலு அறை விட்டேன், ஈரச் சட்டையோட.

அடியில என்ன நடந்துச்சுன்னு கட்டை விரலுக்கு அஞ்சு தையல் போடும்போதுதான் சொன்னார். அறுத்த வலை அலையில சுழன்று வந்து வலது கையையும் முதுகு சிலிண்டரையும் சேர்த்துப் பிடிச்சுக்கிச்சு. கையில இருந்த வலை அறுக்கற அரிவாள் நழுவிக் கீழ போயிடுச்சு. சரி, காலுல கத்தி இருக்கேன்னு இடது கையைக் கொண்டு போனார். அது நீ அனுப்பின கத்தி. உறையை விட்டு வரல. மூணு தடவை இழுத்தேன், கடைவாய்ப் பல்லு மாதிரி உட்கார்ந்துக்கிச்சுன்னார். அப்புறம் நாங்க மேல இருந்து இழுத்ததுல கயிறு அந்த இடது கையையும் நெஞ்சோட சேர்த்து இறுக்கிடுச்சு. தளர்த்தினப்புறம்தான் கை வெளிய வந்திருக்கு, அந்தக் கையால என் கத்தியைத் தடவிப் பிடிச்சு வலையை அறுக்கும்போது கட்டை விரலும் சேர்ந்து அறுபட்டிருக்கு.

வீட்டுக்கு வந்து வெந்நீர் ஊத்தி, குறடு போட்டு, தோல் உறையைக் கிழிச்சுத்தான் அந்தக் கத்தியை எடுத்தேன். உள்ளே செங்கல் தூள் மாதிரி துரு. அவர் ஒழுங்கா பார்த்துக்கலைன்னு நினைக்காதே. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி அதைத் துடைச்சு எண்ணெய் போட்டு வெச்சுட்டுத்தான் தட்டுல கை வைப்பார். துறைமுகத்துல டீ குடிக்க வர்றவன் போறவன் எல்லார்கிட்டயும் எம்பொண்ணு முதல் சம்பளத்துல வாங்கினதுன்னு காட்டுவார், பழைய கத்தியை மாமாவுக்குக் கொடுத்துட்டார். ஆனா தோல் இருக்கே, அது உப்புத் தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு உள்ளேயே வெச்சுக்கும். கத்தியைத் துடைச்சோம், உறையை யார் துடைச்சா? கத்தி மேலயும் குத்தமில்ல, உன் மேலயும் குத்தமில்ல கண்ணு. நம்ம ஊர்க் கத்திக்கடைக்காரர் பார்த்துட்டு, காட்டுல கட்டை செதுக்கறவன் கையில இது தங்கம், கடல்ல இறங்கறவன் காலுல இது ஆணின்னார். பொண்ணு ஆசையா வாங்கினது காலை வாரிடுச்சுன்னு அவ காதுல விழவே கூடாதுன்னு அப்பா என்கிட்ட சத்தியம் கேட்டார். நான் தலையாட்டினேன், சத்தியம் பண்ணல. உன் மனசு நோகக் கூடாதுன்னு அவர் பார்க்கறார். நொந்தா நோகட்டும், நீ தண்ணியில இருந்து மேல வரணும்னு நான் பார்க்கறேன். நீ போறது கடல்ல மீன் வளர்க்கற கூண்டு, சுத்திச் சுத்தி வலைதானே அங்கே.

அதனால நான் போய்க் கடைக்காரர்கிட்ட ஒரு மதியம் பூரா உட்கார்ந்துட்டேன். அவர் பேச ஆரம்பிச்சா நிறுத்த ஆள் வேணும், இருந்தாலும் விஷயம் தெரிஞ்சவர். எவர்சில்வர்னா எல்லாம் நம்ம வீட்டு டம்ளர்தான்னு நான் நினைச்சிருந்தேன், அதுக்குள்ளயே ஆயிரம் ஜாதியாம். எஃகுல கரி, அதான் கார்பன், கூடினா கூர் நிக்கும், ஆனா துரு வீட்டுக்காரன் மாதிரி உரிமையா உள்ளே வரும், நீ அனுப்பினது அந்த ஜாதி. என் கத்தி மாதிரி மிருதுவான எவர்சில்வர்ல துரு அவ்வளவா வராது, ஆனா கூர் சீக்கிரம் போயிடும், வாரம் ஒரு தடவை தீட்டணும், எனக்குக் கல்லும் கையும் இருக்கு, தீட்டிடறேன். நீ செய்ய மாட்டே, உன்னை எனக்குத் தெரியாதா. டைட்டானியம்னு ஒண்ணு எடுத்துக் காட்டினார், துருவே பிடிக்காது, ஆனா நைலான் கயித்தை நாலு தடவை அறுத்ததும் வழுக்க ஆரம்பிச்சுடுச்சு. கடைசியில, கரியைக் குறைச்சு அதுக்குப் பதில் நைட்ரஜன் சேர்த்த எஃகுன்னு ஒண்ணு எடுத்தார். உன் கத்தி அளவுக்குக் கூர் நிக்காது, என் கத்தியை விட நிக்கும், உப்புத் தண்ணிக்கு அசையாதுன்னார். வாய் வார்த்தையை நம்பி உன்னைத் தண்ணியில இறக்க முடியுமா? வாங்கிட்டு வந்து, கொல்லைப்புறத்துல ஒரு வாளியில கடல் தண்ணி பிடிச்சு உறையோட போட்டுட்டேன். கூடவே அவர் கொடுத்த கார்பன் எஃகுல ஒரு உடைஞ்ச துண்டு, ஒப்பிட்டுப் பார்க்க. தினம் காலையில எடுத்து ஒரு முழம் நைலான் கயிறு அறுப்பேன், திரும்பப் போடுவேன். கார்பன் துண்டு மறுநாளே சிவந்துடுச்சு. இது அஞ்சு நாள் ஆகியும் போட்டது போட்டபடி இருக்கு.

பெட்டியில இருக்கறது அதுதான். அலகு உன் நடுவிரல் நீளம்தான் இருக்கும், சின்னதா இருக்கேன்னு மூக்கைச் சுழிக்காதே, வலைக்குள்ள மாட்டினவளுக்கு வாள் வீச இடம் இருக்காது. முனை மொட்டை, உன் உடம்புக்குப் பக்கத்துலயே அறுக்கணும் பாரு. மடக்குக் கத்தி வேண்டவே வேண்டாம், குளிர்ல விறைச்ச விரலால அதைத் திறக்கறதுக்குள்ள விடிஞ்சுடும். அலகும் பிடிக்குள்ள போற வாலும் ஒரே துண்டு, நடுவுல ஒட்டு கிடையாது. உறை பிளாஸ்டிக், அடியில தண்ணி வடிய ஓட்டை, கட்டை விரலால அழுத்தினா வந்துடும். காலுல கட்டாதே, நெஞ்சுல கட்டு, எந்தக் கை மாட்டினாலும் இன்னொரு கைக்கு எட்டற மாதிரி. கம்பிக்கயிறு இதுல அறாது, அதுக்கு வேற கத்தரி இருக்காம், அங்கேயே கேட்டு வாங்கிக்கோ. கரைக்கு வந்ததும் கத்தியையும் உறையையும் தனித்தனியா நல்ல தண்ணியில அலசு. நீ சொல்லி வெச்சதை முடிஞ்சா திருப்பிக் கொடு, முடியலைன்னா பூசணிக்காய் நறுக்க வெச்சுக்கோ.

வாளியை அப்பா கண்ணுல படாம வெச்சதா நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். நேத்து காலையில நான் கொல்லைப்புறம் போறேன், அவர் அங்கே கத்தியைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறார். அன்னைக்கப்புறம் அவர் தண்ணியில இறங்கல, மாமா காது ஆறினப்புறம் பார்க்கலாம்னு சொல்லிக்கிட்டிருக்கார். மாமாவுக்குக் காது ஆறி ஒரு வாரம் ஆச்சு. யாருக்குன்னு கேட்டார். யாருக்குன்னு நினைக்கறீங்கன்னேன். அவதான் ஒண்ணு சொல்லி வெச்சிருக்காளேன்னார். அதனாலதான்னேன். நான் திட்டு வாங்கத் தயாரா நின்னேன். அவர் என் கனமான ரப்பர் கையுறையை மாட்டிக்கிட்டு, கண்ணை மூடி, இடது கையால உறையில இருந்து எடுத்து எடுத்துப் போட்டுப் பார்த்தார், இருபது தடவை இருக்கும். அப்புறம் உள்ளே போய் மெல்லிசு கயிறு கொண்டு வந்து, கட்டு போட்ட விரலோட, கத்தி கை நழுவாம இருக்க பிடி ஓட்டையில அவரே கண்ணி போட்டார். எழுதப் போறியான்னார். ஆமான்னேன். எழுது, ஆனா அந்தக் கத்தி ரொம்ப அழகா இருந்துச்சுன்னும் எழுது, இல்லேன்னா அவ அப்பாவுக்குப் பிடிக்கலைன்னு நினைச்சுக்குவான்னார். எழுதிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, காதுல தண்ணி நிக்க விடாதே. போற இடத்துல நல்ல மனுஷங்க துணை கிடைக்கணும், நூறு வயசுக்கு நல்லா இரு. பெட்டி வந்ததும் ஒரு பழைய கயித்தை எடுத்து, கையுறை போட்டு, இடது கையால அறுத்துப் பார்த்துட்டு உடனே போன் பண்ணு. அப்பாவே எடுப்பார், அவர்கிட்டயே சொல்லு.

ஆசிகளோட,
உன் அம்மா