கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவர்கள்

அக்டோபர் 3, செவ்வாய்

இன்றைக்கும் இன்ஜினியர் ஷௌகி கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டே ஒன்றரை மணி நேரப் பயிற்சியைப் பார்த்தார். ஸ்குவாஷ் களத்துக்குப் பின்சுவரைக் கண்ணாடியில் கட்டியவன் யாரென்று தெரிந்தால் அவனிடம் கொஞ்சம் பேச வேண்டும். அவனுக்குப் பிள்ளைகள் இருந்திருக்க மாட்டார்கள்.

அவர் போன பிறகு கிர்கிஸ் மாமா ஈரத்துணியால் மூக்கு அச்சைத் துடைத்தார். நான் சிறுமியாக இங்கே ஆட வந்த காலத்திலிருந்து மாமாதான் களங்களைப் பெருக்குகிறார், தேநீர் போடுகிறார். "கேப்டன் இனாஸ், இந்த மூக்குக்குத் தனியா ஒரு உறுப்பினர் அட்டை குடுத்துருவோமா?" என்றார். சிரித்துவிட்டேன். மாமா இல்லாவிட்டால் நான் எப்போதோ இந்தக் 'கேப்டன்' வேலையை, அதாவது பயிற்சியாளர் வேலையை, விட்டிருப்பேன்.

ஷௌகியின் மகள் ஜுமானாவுக்குப் பன்னிரண்டு வயது. அவளுடைய பின்கை வீச்சைப் போல் ஒன்றை இந்த அலெக்ஸாண்ட்ரியாவில் பத்து வருடமாக நான் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் திரும்பிக் கண்ணாடியைப் பார்க்கிறாள். அங்கே அப்பாவின் விரல்கள். முன்னே போ, பின்னே வா, குறுக்கே அடி. பந்து எங்கே இருக்கிறது என்பதைவிட விரல் எங்கே இருக்கிறது என்பதுதான் அவளுக்குக் கவலை.

அக்டோபர் 8, ஞாயிறு

பதினோரு பெற்றோர், பதினோரு பயிற்சியாளர்கள். பன்னிரண்டாவதாக நானும் இருக்கிறேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

வீட்டிலிருந்து பழைய படுக்கை விரிப்பு ஒன்றைக் கொண்டுபோய்க் கண்ணாடியை மறைத்துக் கட்டிவிட்டேன். நீலத்தில் வெள்ளைப் பூ. கிர்கிஸ் மாமாதான் ஏணியைப் பிடித்துக்கொண்டார். வெளியே ஒரே அமளி.

"என்ன கேப்டன், உள்ள ஆபரேஷனா நடக்குது?" ஷௌகியின் குரல் சுவரைத் தாண்டி வந்தது. "நான் பொண்ணப் பெத்தது பூப்போட்ட துணியப் பார்க்கவா?"

ஜுமானா நான்கு முறை திரும்பிப் பார்த்தாள். நான்கு முறையும் பூதான். ஐந்தாவது முறை திரும்பவில்லை. அதன்பிறகு அவள் ஆடியதை எப்படி எழுதுவது? தோற்ற புள்ளிக்கும் சிரித்தாள். ஒருமுறை முன்சுவரின் அடியில், பட்டால் புள்ளி போய்விடும் தகரத்தில் பந்தை அடித்துவிட்டு, தனக்குத்தானே "அடடா" என்று சொல்லிக்கொண்டாள். அந்த ஒரு மணி நேரத்துக்காக இறைவனுக்கு நன்றி. இதற்காகத்தானே முட்டியில் இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இந்தக் களத்திலேயே கிடக்கிறேன்.

அக்டோபர் 27, வெள்ளி

விரிப்பு போய்விட்டது. கிளப் நிர்வாகக் குழுவிடமிருந்து கடிதம்: பிள்ளைகளின் பயிற்சியைப் பார்ப்பது பெற்றோரின் உரிமை. ஒன்பது பேர் கையெழுத்து. முதல் கையெழுத்து யாருடையது என்று எழுதத் தேவையில்லை.

அதுகூடப் பரவாயில்லை. பயிற்சி முடிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்த ஜுமானா, தலையைத் தூக்காமலே கேட்டாள். "கேப்டன், நான் நிறுத்திக்கட்டுமா?"

"ஏன்டா கண்ணு? பிடிக்கலையா?"

"ஆடப் பிடிக்கும். ஆடிட்டு வெளிய வர்றதுதான் பிடிக்கல."

வீட்டுக்குப் போகும் முக்கால் மணி நேரமும், கடற்கரைச் சாலை நெடுக, தோற்ற புள்ளிகளை அப்பா ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்லிக்கொண்டே வருவாராம். தம்பி மாசின் பின்சீட்டில் காதைப் பொத்திக்கொள்வானாம். "என்னால பொத்திக்க முடியாது, முன்சீட்டு" என்றாள். "பாபாகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கூடவே, நவம்பர் போட்டியை மட்டும் ஆடிவிடு என்றும் கேட்டுக்கொண்டேன். எதற்குக் கேட்டேன்? அவளுக்காகவா, எனக்காகவா?

நவம்பர் 18, சனி

எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்றிலிருந்தே மழைக்காற்று. இந்த மாதம் வரும் புயலுக்கு நம் ஊரில் 'துடைப்பம்' என்று பெயர், பெயருக்கேற்றபடி கடல் சாலைக்கு வந்து பெருக்கிவிட்டுப் போனது. போட்டி நகரத்தின் இன்னொரு கிளப்பில். ஜுமானா இரண்டுக்கு மூன்று என்று தோற்றாள். கடைசிப் புள்ளிக்கு முன்னால் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த பந்து தகரத்தில்.

ஷௌகி "வண்டியில இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போய்விட்டார்.

சிறுவர் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. தோற்றவர் உடனே வீட்டுக்குப் போக முடியாது. அதே களத்தில் அடுத்த ஆட்டத்துக்கு நடுவராக உட்கார வேண்டும். அழுகை, தாகம், அப்பா எல்லாம் அதற்குப் பிறகுதான். அவளுக்குக் குளிரில் உதடு நடுங்கியது. என் பெரிய கோட்டைப் போட்டு, அதோடு தைத்த தொப்பியையும் முகம் மறைய இழுத்துவிட்டு நாற்காலியில் ஏற்றினேன். அடுத்த ஆட்டத்துக்கு வந்து நின்றவன் மாசின். அவளுடைய சொந்தத் தம்பி!

ஆட்டங்களை ஒதுக்கும் மேசையில் இருந்தவர் நடுவரை மாற்றியிருக்க வேண்டும். அவரைச் சுற்றி மூன்று அம்மாக்கள் நின்று வேறு எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நானாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் ஏற்கெனவே பேனாவை எடுத்துத் தாளில் பெயர்களை எழுதத் தொடங்கியிருந்தாள். அவ்வளவு நிதானமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

இரண்டாவது செட், ஒன்பதுக்கு ஒன்பது. மாசின் எதிராளிமேல் இடித்துக்கொண்டு கையைத் தூக்கினான், புள்ளியைத் திரும்ப ஆட வேண்டும் என்று, அதாவது லெட். அவன் அந்தப் பந்தை எப்படியும் எட்டியிருக்க மாட்டான்.

"லெட் கிடையாது. பத்து, ஒன்பது." புள்ளி எதிராளிக்கு.

மேலே படிவரிசையிலிருந்து இடி மாதிரி ஒரு குரல். சொட்டச் சொட்ட நனைந்து ஷௌகி திரும்பி வந்திருந்தார். "ஏம்ப்பா நடுவர், கண்ண வீட்டுலயே வெச்சிட்டு வந்தியா? இந்தக் கழுதைய யாரு அங்க உக்கார வெச்சது?"

கோட்டின் தொப்பி மெதுவாகத் திரும்பியது.

"நான்தான் பாபா. லெட் கிடையாது. உக்காருங்க."

உள்ளே மாசின் கையைக் கீழே போட்டுவிட்டு அடுத்த பந்துக்குத் தயாரானான். வீட்டிலும் அவள் சொன்னால் சொன்னதுதான் போலிருக்கிறது.

அவன் தோற்ற பிறகு ஷௌகியை மாடிப்படியில் பார்த்தேன். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அது லெட்தான் கேப்டன்."

"இல்ல இன்ஜினியர்."

"தெரியும்." கைக்குட்டையை மடித்துக்கொண்டே கேட்டார். "அவ குரல் நடுங்கவே இல்ல, கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன்."

"எங்கிட்டப் பேசும்போது நடுங்கும்."

கிர்கிஸ் மாமா கொடுத்தனுப்பியிருந்த குடுவையிலிருந்து ஒரு கோப்பை தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். சர்க்கரை அதிகம் என்றார். குடித்துவிட்டார்.

நவம்பர் 21, செவ்வாய்

ஷௌகி போன் செய்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்து நின்றுகொண்டே எடுத்தேன்.

"வண்டியில எல்லாத்தையும் சொல்லிட்டா. ஆட மாட்டாளாம். நடுவரா உக்காரணுமாம். உங்களுக்கு முன்னாடியே தெரியுமாமே?"

"நிறுத்தணும்னு சொன்னா. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டா."

"சொல்லாததே நல்லது. சொல்லியிருந்தா கத்தியிருப்பேன்." பிறகு, "சரின்னு சொல்லிட்டேன்" என்றார்.

இங்கே நான் மகிழ்ந்திருக்க வேண்டும். ஒரு பிள்ளையின் மூச்சு இறுக்கம் தளர்ந்திருக்கிறது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "இன்ஜினியர், அந்தப் பின்கைய வீணாக்கலாமா? ஒரு சீசன் மட்டும் ஆடச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா."



"கேப்டன், சொல்றத இப்பதான் நிறுத்தியிருக்கேன். மூணு நாள்தான் ஆகுது. என்ன மறுபடி ஆரம்பிக்க வெக்காதீங்க."

போனை வைத்த பிறகு முகம் சுட்டது.

டிசம்பர் 1, வெள்ளி

காலையில் ஜுமானா வந்தாள், மட்டை இல்லாமல். சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு உட்காரலாமா என்று கேட்டாள். சரி என்று சொல்வதோடு நிறுத்தியிருக்கலாம். விடுவேனா?

"யோசிச்சுப் பாரு கண்ணு. இந்த வயசுல இப்படி ஒரு கை யாருக்கும் அமையாது. ஒரே ஒரு சீசன்."

அவள் கோபப்படவில்லை. "கேப்டன், நீங்களும் பாபா மாதிரியே பேசுறீங்க" என்றாள். பேனா கேட்டாள். கொடுத்தேன்.

நாளெல்லாம் அதுவே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. பதினெட்டு வருடமாகக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவர்களைத் திட்டியிருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் நானும்தான் நின்றிருக்கிறேன், விசிலை மாட்டிக்கொண்டு. அவள் ஜெயிப்பாள், அவளுடைய கேப்டன் யார் என்று கேட்பார்கள் — இந்த ஆசை எனக்கு இல்லையா? இருந்தது. இன்னும் இருக்கிறது. வலிக்கிறது.

ஆனாலும் என் முகத்துக்கு நேரே, நடுங்காமல், அவள் அதைச் சொன்னாளே. அதற்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

டிசம்பர் 22, வெள்ளி

ஜுமானா நடுவராக உட்கார்ந்து எட்டு ஆட்டங்கள். ஒன்றில்கூட யாரும் அவளிடம் தர்க்கம் செய்யவில்லை. விதிப் புத்தகத்தை மாமாவிடம் ஒப்பித்துக் காட்டுகிறாளாம். "எனக்கே இப்ப பாதி மனப்பாடம்" என்கிறார் மாமா.

ஜனவரி 19, வெள்ளி

ஜுமானாவின் சிரிப்பு களத்துக்கு வெளியேயும் கேட்கிறது. வண்டியில் இப்போது பாட்டு போடுகிறார்களாம், அதுவும் மாசினுக்குப் பிடித்த கண்றாவிப் பாட்டு. இந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. மட்டையைத் தொடவில்லை அவள். தொடுவாளா என்று நான் இனிக் கேட்கப்போவதில்லை.

இன்று கிளப்புகளுக்கு இடையிலான போட்டி. எங்கள் ஹானியா, பத்து வயது, அரையிறுதியில். ஜுமானா நடுவர், அவளுக்கென்றே தைத்த மேல்சட்டையில். நான்காவது செட்டில் எதிர்ப்பெண் எடுப்பதற்குள் பந்து தரையில் இரண்டு முறை பட்டுவிட்டது, புள்ளி ஹானியாவுக்கு வர வேண்டியது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. நாற்காலியை விட்டு எழுந்தேன், என்னை அறியாமல் கண்ணாடி வரை போய்விட்டேன்.

"ரெண்டு தடவ பட்டுது, பாக்கலையா? என்ன நடுவர் நீ?"

அவள் ஆட்டத்தை நிறுத்தினாள். திரும்பினாள். நான் சொல்லிக்கொடுத்த பெண் என்னைப் பார்த்தாள், யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போல.

"வெளியிலிருந்து பேசக் கூடாது. இது முதல் எச்சரிக்கை, கேப்டன்."

காது மடல் வரை சூடேறியது. அதோடு ஒரு சந்தோஷம், எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு திரும்பினேன். முதல் வரிசையில் ஷௌகி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"இங்க உக்காருங்க கேப்டன்," என்றார் மெதுவாக. "முதல் ஒரு மாசம்தான் கஷ்டமா இருக்கும்."