கொட்டலசுக்கு வரைந்த படம்

நேற்று, நெய்யாறு கடலில் சேரும் பூவார் பொழிமுகத்தில் ஒரு வள்ளத்தைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். பாறையிலும் மரத்திலும் சுண்ணாம்புக் கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும் கொட்டலசுதான். வெயிலில் அது சாகும்போது வரும் வாடை உனக்குத் தெரியும். நின்று பார்த்தேன். சுரண்டி விழுந்தவற்றில் பாதிக்கு மேல் ஊதாக் கோடு போட்டவை. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீ இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன.

அந்தக் கோட்டை முதலில் கண்டவன் நீ. நான் அப்போது திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக வேலையில் இருந்தேன். நீ காஞ்சிரங்குளத்துக் கடலோரத்தில் பாறையில் சிப்பி எடுக்க முங்குகிறவன். எங்கள் கூடத்துக்கு நண்டும் சங்கும் கொண்டுவந்து தருவாய். அப்படி ஏற்பட்ட பழக்கம். ஒருநாள் கொட்டலசு ஒட்டிய உள்ளங்கையளவு கல்லொன்றை என் மேசையில் வைத்தாய்.

"எலே, இது நம்ம சாதனம் இல்ல. நம்ம கொட்டலசு வெறும் வெள்ள. இதுக்குக் கோடு உண்டு. இது ஏறின பாறையில சிப்பிக் குஞ்சு பிடிக்க மாட்டேங்குது."

புத்தகங்களைப் புரட்டியதில், கப்பல்களின் அடியில் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பரவும் வகை என்று தெரிந்தது. விழிஞ்ஞத்திலிருந்து தெற்கே எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்கப் புறப்பட்டோம். ஞாயிறுதோறும் நீர் வற்றும் நேரத்தில் பாறை பாறையாக நடந்தோம். உன் பாறையில் இன்னும் எத்தனை வருடம் சிப்பி கிடைக்கும் என்பது உன் கவலை. எனக்கு, உள்ளதைச் சொன்னால், வேலையை நிரந்தரமாக்க ஒரு கட்டுரை வேண்டியிருந்தது. கடற்கரையை ஒரு தாளில் வரைந்து, கோடு போட்டது கிடைத்த இடங்களில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் தேதி எழுதினேன்.

அதே மாதங்களில்தான் எல்லைப் போராட்டம் சூடுபிடித்தது. நம் நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கூட்டங்கள் நடந்தன, தடையுத்தரவும் வந்தது. நாம் இருவரும் எந்தக் கூட்டத்துக்கும் போனவர்கள் அல்ல. குளச்சல் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பிய மாலை, பாறசாலையில் பேருந்தை நிறுத்திப் போலீஸ்காரர்கள் பைகளைச் சோதித்தார்கள். பை உன் தோளில் இருந்தது. அதிகாரி தாளை விரித்துச் சிவப்புக் குறிகளின் மேல் விரலை ஓட்டினார். போராட்டக்காரர்கள் கூடப்போகிற இடங்கள் என்று நினைத்திருப்பார்.

"இது ஆரு வரச்சதாடா?" என்று மலையாளத்தில் கேட்டார்.

எழுத்து என்னுடையது. கல்லூரியின் அடையாளச் சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நீ என் பக்கம் திரும்பவும் இல்லை.

"நான் வரச்சதாக்கும் சாரே. கொட்டலசு இருக்கப்பட்ட பாற."

அவர் சிரித்தார். பிறகு உன் இடக்காதோடு சேர்த்து ஓர் அறை. உன்னை இறக்கிக்கொண்டு பேருந்தைப் போகச் சொன்னார்கள். நான் அதில் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் உன்னை விட்டார்கள். நான் பார்க்க வந்தபோது காதில் பஞ்சு வைத்திருந்தாய். செவிப்பறை கிழிந்திருக்கிறது, இனி முங்கக் கூடாது என்று நெய்யாற்றின்கரை வைத்தியர் சொல்லியிருந்தார். ஒரு மாதம் கழித்து அதையும் மீறி முங்கினாய். தலை சுற்றி, பாறையைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாய். அதோடு விட்டுவிட்டாய்.

"நான் சொல்லியிருக்கணும்" என்றேன்.

"சொல்லியிருந்தா ரெண்டு பேரு காதும் போயிருக்கும் மக்கா. இப்ப உனக்கு வேலையாவது உண்டு."

அதில் கோபம் இருந்ததா என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

மாநிலங்களைப் பிரித்தபோது நம் ஊர்கள் கேரளத்தில் நின்றுவிட்டன. நீ முங்கிய பாறையைச் சில வருடங்களில் கொட்டலசு மூடியது. நீ ஒரு கயிற்றுக் கடையில் வேலைக்குப் போனாய். என் கட்டுரை அச்சாகி வேலையும் நிரந்தரமாயிற்று. உன் பெயர் அதில் இல்லை. தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னாய். பாதியில் நிறுத்தினாய்.

"இந்தப் பாறையில தையில இல்ல, மாசியிலயாக்கும் கண்டது. திருத்தி எழுதி அனுப்பு."

அதையும் நான் அனுப்பவில்லை.

அதன்பின்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் பாறைகளுக்குப் போனோம். உனக்குக் கேட்கும் காது வலது என்பதால் நான் எப்போதும் உன் வலப்பக்கம் நடப்பேன். அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. இப்போதும் யாரோடு நடந்தாலும் சுற்றிக்கொண்டு அவர்களுடைய வலப்பக்கத்துக்குப் போய்விடுகிறேன். என் மனைவி ஒருமுறை காரணம் கேட்டாள். பழக்கம் என்றேன்.