பேர் வைக்காத பிள்ளை

பேரையூர் பக்கம்,
மாசி, 1993

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி போதும்பொண்ணு வணக்கத்துடன் எழுதுவது. நாக்பூரில் உடம்பு எப்படி இருக்கிறது? முறுக்கு அடுப்பில் நின்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஜெயக்கொடி ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள். சின்னவளுக்குச் சளி தேறிவிட்டது.

மூன்றாவதும் பெண் என்று கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். நிறம் உங்களைப் போல. அழுகை மட்டும் என்னைப் போல ஊரைக் கூட்டுகிறது.

இன்னும் அவளுக்குப் பேர் வைக்கவில்லை. கேட்டால் அத்தை, "இதுக்குப் போயி எதுக்குடி இம்புட்டு அவசரம், இருந்தா வைப்போம்" என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து ராத்திரியில் நான் கண் மூடுவதில்லை, மாமா. பக்கத்து வீட்டு ராமக்காளின் பெண் பிள்ளைக்கும் இப்படித்தான் பேர் வைக்காமலே இருந்தார்கள். பால் புரையேறிவிட்டது என்று சொல்லிப் புதைத்துவிட்டார்கள். நேற்று மருத்துவச்சி முனியாயி வந்து கொல்லையில் அத்தையோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். பிள்ளையை மடியைவிட்டு இறக்கவே பயமாக இருக்கிறது.

பெண் என்றால் மீனா என்று வைப்போம் என்று பேசியிருந்தோம். அது வேண்டாம். என் பேரையே இவளுக்கும் வைக்கச் சொல்லி அத்தைக்கு எழுதுங்கள். நான்காவதாக நான் பிறந்ததும், பெண் போதும், அடுத்தது ஆணாகட்டும் என்று பேச்சியம்மனிடம் வேண்டி வைத்த பேர் இது. வகுப்பில் வாத்தியார் கூப்பிடும்போதெல்லாம் கூனிக் குறுகியிருக்கிறேன். நம் பிள்ளைக்கு இந்தப் பேர் கூடாது என்று கல்யாணமான புதிதில் உங்களிடம் சத்தியம் வாங்கினேன். அந்தச் சத்தியத்தை இப்போது நானே விட்டுக்கொடுக்கிறேன்.

சாமிக்கு வேண்டிப் பேர் வைத்த பிள்ளைக்கு ஏதாவது ஆனால் வேண்டுதல் பலிக்காது, அடுத்து ஆண் பிள்ளை தங்காது என்று அத்தைக்கு நடுக்கம் உண்டு. அதனால் தொடமாட்டார். எனக்குப் பின் தம்பி பிறந்ததையும் மறக்காமல் எழுதுங்கள். கடிதம் அத்தை பேருக்கே வரட்டும். தபால்காரர் வாசலில் நின்று சத்தமாகப் படிப்பார், தெருவே கேட்கும். நான் சொன்னால் எடுபடாது. மகன் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

முதலாளி காலில் விழுந்தாவது லீவு வாங்கி வாருங்கள். அதற்கு முன்னால் அந்தக் கடிதம் வரட்டும். நாளைக்கு அவள் வளர்ந்து, எதற்கு இந்தப் பேரை வைத்தாய் என்று என்னோடு சண்டைக்கு வரட்டும், மாமா. அவள் சண்டைக்கு வரவேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வழி பார்த்திருக்கும்
போதும்பொண்ணு