நெட்டை ஊருக்குக் கிளம்பிய அன்று

என் செல்ல மகனுக்கு,

நானும் சித்தியும் திடமாக இருக்கிறோம், நீயும் மருமகளும் பேரனும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். கை வலி இன்னும் விடவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எங்கள் மையத்துக்கு வெளிநாட்டிலிருந்து சம்பளம் வாங்காமல் வேலை செய்ய வந்தாளே நெட்டை, அவள் நேற்று ஊருக்குக் கிளம்பிவிட்டாள். இரண்டு வருஷம் ஒரே மேஜையில் வேலை பார்த்தோம். நடக்க முடியாதவர்களுக்கு அவள் அளவெடுத்துச் சக்கர நாற்காலி பொருத்துவாள், நான் மெத்தையும் பெல்ட்டும் தைப்பேன். கொஞ்சம் பிசகினாலும் உட்காருகிறவருக்குப் புண் வந்துவிடும், அதனால் நாங்கள் சண்டை போடாத நாளே கிடையாது.

பரிசும் வேண்டாம் பேச்சும் வேண்டாம், கூடைப்பந்து ஆடலாம் என்று அவளே சொல்லிவிட்டாள். நாற்காலிக்காரர்கள் ஒரு அணி, நடக்கிற நாங்கள் இன்னொரு அணி, ஆனால் நாங்களும் நாற்காலியில் உட்கார்ந்துதான் ஆட வேண்டுமாம். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கென்னடா ஆட்டம்! விட்டாளா? இழுத்து உட்காரவைத்து, நான் தைத்த பெல்ட்டையே என் இடுப்பில் மாட்டிவிட்டாள். நேராகப் போகத் தெரியாமல் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தேன். எதிரணி கேப்டன் பழைய லாரி டிரைவர், "அம்மா, ரிவர்ஸ் எடுக்கும்போது ஹாரன் அடிங்க!" என்று கத்துகிறார், கூடமே சிரிக்கிறது. அந்த நேரத்தில் நெட்டை பந்தை என் மடியில் போட்டு, "அக்கா, போடு நீங்க!" என்று தன் தமிழில் அலறினாள். கண்ணை மூடிக்கொண்டு எறிந்தேன். கூடைக்குள் விழுந்துவிட்டதடா! படுதோல்விதான், இருந்தாலும் அந்த ஒரு பந்து என்னுடையது.

மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தன் அளவு நாடாவை எடுத்து என் கழுத்தில் போட்டாள். அவள் இடத்துக்கு வேறு ஆள் வரப்போவதில்லையாம், பொறுப்பாளரிடம் பேசிவிட்டாளாம், இனிமேல் அளவும் நான்தானாம். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டு உன்னோடு வந்து இருப்பதாகச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். கோபப்படாதே கண்ணா. லீவுக்குக் கட்டாயம் வருகிறேன், அங்கேயே தங்குவது மட்டும் இப்போதைக்கு இல்லை. அப்பா போன பிறகு நான் சுருண்டு கிடப்பேன் என்று பயப்படுகிறாய். நேற்று என்னைப் பார்த்திருந்தால் அந்தப் பயம் உனக்குப் போயிருக்கும்.

பஸ் ஏறும் முன் நெட்டை தன் போனை என் காதில் வைத்தாள். மறுமுனையில் அவள் அம்மா. அவர் பேசியது எனக்குப் புரியவில்லை, என் தமிழ் அவருக்கு எங்கே புரியும்? இருந்தாலும், "உங்க பொண்ணு இங்க நல்லா சாப்பிட்டா, நல்லா தூங்கினா, பத்திரமா அனுப்பி வைக்கிறேம்மா" என்றேன். அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. இந்தப் பக்கமும்தான்.

நீங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல் நிறைவாக இருக்க வேண்டும். பல் வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. இன்னொன்று, அந்த வேற்றுமொழி ஊரில் அக்கம்பக்கத்தில் உன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கிறவர் யாராவது இருப்பார், ஒருநாள் அவரிடம் போனைக் கொடு. எந்த மொழியாக இருந்தாலும் நான் பேசிக்கொள்கிறேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா